கூத்து வேறு, ஆக்சிடென்ட் வேறு

கிறிஸ்துமஸ் விருந்தை முதன்முதலாக ஏற்று நடத்தப்போகும் பேத்திக்குத் தங்கவயல் ஆயா எழுதியது

கண்ணு, இந்த வருஷம் கரண்டி உன் கையில். என் முழங்கால் இரண்டும் இப்போது பேச்சைக் கேட்பதில்லை. "ரெசிபி எழுதிக் கொடு ஆயா" என்று கேட்டாய். ரெசிபி செல்போனிலேயே கிடைக்கிறது, என்னைவிட அழகாகச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் முப்பது பேர் வந்து உட்காரும் நாளில் எதெது கெடும், கெட்டால் கையைப் பிசையாமல் என்ன செய்வது என்று அதில் யாரும் சொல்வதில்லை. நாற்பது கிறிஸ்துமஸுக்கு மேல் சமைத்துவிட்டேன். ஒன்றுகூட நினைத்தபடி முடிந்ததில்லை. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு சொல்லைப் பழகிக்கொள். அடுப்பங்கரையில் நடப்பது எதுவும் ஆக்சிடென்ட் ஆகாது. அதற்குப் பெயர் கூத்து.

இந்தப் பெயரை வைத்தது என் மாமியார். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது கிறிஸ்துமஸ் அது. சாம்பியன் ரீஃப் லைனில்தான், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில்தான், அப்போதும் நம் வீடு. 24-ஆம் தேதி சாயந்திரம் வரைக்கும் கல்கல் பலகாரம் சுட்டு, நான்கு டின்னில் அடைத்துப் பரணில் ஏற்றியிருந்தோம். ராத்திரி ஒன்பது, ஒன்பதரை இருக்கும். தரை ஒரு உலுக்கு உலுக்கியது. ராக் பர்ஸ்ட். அழுத்தம் தாங்காமல் கீழே பாறை வெடித்தால் மேலே நம் வீட்டில் பாத்திரம் உருளும். பத்தாயிரம் அடிக்கும் கீழே போன சுரங்கத்தின் தலைமேல் குடியிருந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அது புதிதில்லை. டின் நான்கும் பரணிலிருந்து விழுந்தன. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியார் கை மாவோடு தெருவுக்கு ஓடினார். நானும் ஓடினேன். லைன் முழுக்கப் பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். எல்லார் முகமும் சுரங்க ஷாஃப்ட் இருக்கும் பக்கம். பேச்சு மூச்சில்லை. உன் தாத்தாவுக்கு அன்றைக்கு நைட் ஷிஃப்ட்.

முக்கால் மணி நேரம் அப்படியே நின்றோம். பிறகு ஒரு பையன் சைக்கிளில் வந்தான். "யாருக்கும் ஒண்ணும் இல்ல, யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்று கத்திக்கொண்டே லைன் லைனாகப் போனான். உள்ளே வந்தால் கல்கல் பூராவும் தரையில். தெரு நாய் இரண்டு புகுந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கின்றன. இரண்டு நாள் உழைப்பு அது. நான் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். மாமியார் முறத்தை எடுத்து வாரிக்கொண்டே சொன்னார்: "அழாதடி. இது கூத்து. ஆக்சிடென்ட்டுன்னா அது கீழ நடக்கிறது."

அதிலிருந்து இந்த வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால் கூத்து, தயிர் கவிழ்ந்தால் கூத்து. "ஆயா, ஒரு கூத்து!" என்று அங்கிருந்தே குரல் கொடு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வழி சொல்கிறேன். என்னிடம் மறைத்துவிட்டு நீயாகச் சரிசெய்யப் போனால்தான் ஒன்று இரண்டாகும்.

2. கறிக்கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லி, முன்பணமும் கொடுத்துவிடு. அதற்கு முன் காலண்டரைப் பார்.

2015 ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அந்த வருஷம் டிசம்பர் 24 மிலாடி நபி, 25 கிறிஸ்துமஸ். காலையில் ஏழு மணிக்கு உன் அப்பா ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனால் கடையில் கொக்கிதான் தொங்குகிறது. ஊர் முழுக்க முந்தின நாளே பிரியாணி போட்டு முடித்திருக்கிறார்கள். உன் அப்பா நான்கு கடை ஏறி இறங்கி, ஒரு கோழியோடு வந்தார். எதிர் லைனில் இருந்த பாய் வீட்டம்மாவுக்கு விஷயம் எப்படித்தான் எட்டியதோ, முந்தின நாள் சமைத்தது போக ஃபிரிட்ஜில் இருந்த இரண்டு கிலோ ஆட்டுக்கறியை எவர்சில்வர் வாளியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு தேக்சாவில் கோழி, இன்னொன்றில் ஆடு என்று அன்றைக்கு இரண்டு பிரியாணி. எது யாருக்கு என்று பந்தியில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

3. கேக் தட்டில் அடையாளம் வை. காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டுவதை நம்பாதே.

உனக்கு மைக்ரோவேவ் பழக்கம் உண்டு. இருந்தாலும் கிறிஸ்துமஸ் கேக் பேக்கரி விறகு அடுப்பில்தான் வேக வேண்டும் என்பது என் பிடிவாதம். ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் சூடு மெல்ல மெல்ல இறங்கும். அந்த இறங்கு சூடுதான் பழம் போட்ட கனமான கேக்குக்குச் சரி. மேலே கருகாமல் நடுவரை வெந்து வரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பேக்கரி வாசலில் தட்டும் கையுமாகத் தங்கவயல் பாதி நிற்கும்.

அப்படி நின்று கொடுத்துவிட்டு வந்த ஒரு வருஷம், திரும்பி வந்தது வேறு யாருடைய தட்டோ. நான் ஒட்டிய காகிதம் அடுப்பில் எரிந்துபோயிருந்தது. வீட்டில் வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான் போட்டது முந்திரி, திராட்சை, ஆரஞ்சுத் தோல். இதில் பேரீச்சம்பழமும் பூசணி முரப்பாவும். திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால், நம்முடையதை எடுத்துப்போனவர்களும் வெட்டிவிட்டார்களாம். அவர்கள் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம். வாசலிலேயே நின்று ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் அவர்களுடையதுதான் ருசி. பூசணி முரப்பா நம் கேக்கில் சேர்ந்தது அந்த வருஷத்திலிருந்துதான்.

அதனால் மாவை ஊற்றியதும் மூலையில் மூன்று முந்திரியை முக்கோணமாகப் பதித்துவிடு. எரியாது, உதிராது, யாரும் பொய் சொல்லவும் முடியாது. இன்னொன்று: பேக்கிங் பவுடர் கலந்த மாவு காத்திருக்கக் கூடாது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் பொங்க வேண்டிய கேக் தட்டிலேயே அமுங்கிவிடும். வெண்ணெய், சர்க்கரை, முட்டை அடித்ததைத் தனியாகவும், பவுடர் கலந்த மைதாவைத் தனியாகவும் கொண்டுபோ. உன் முறை வரும்போது அங்கேயே கலந்து ஊற்று.

இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைத் தலச்சேரியில் 1883-ல் மாம்பள்ளி பாபு என்பவர் செய்தார் என்று வருஷா வருஷம் பத்திரிகையில் போடுகிறார்கள். போடட்டும். ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி இங்கே 1880-லேயே வந்துவிட்டது. கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பங்களாக்களில் அடுப்பெரித்தது நம் ஆட்கள். கேக் இல்லாமலா அந்த வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருப்பார்கள்? பங்களா சமையல்காரன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

4. கல்கல் உருட்டப் பிள்ளைகளை உட்காரவை. மாவில் வரி விழ உருட்டும் சீப்பு மட்டும் நீ வாங்கிக் கொடு, புதுசாக.

உன் சித்தப்பா ஆறு வயதில், "எங்கிட்டயும் சீப்பு இருக்கு" என்று தன் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து உருட்டினான். அந்த வருஷம் ஒரு டின் கல்கல் முழுக்கத் தேங்காயெண்ணெயும் மரிக்கொழுந்தும் மணத்தது. அதையும் சாப்பிட்டோம்.

5. ரோஸ் குக்கியில் முதல் இரண்டு அச்சை விட்டு வராது. அதைக் கணக்கிலேயே சேர்க்காதே.

அச்சு எண்ணெயில் கிடந்து நன்றாகக் காய வேண்டும். காயாத அச்சில் மாவு ஒட்டாது, ஒட்டினாலும் விடாது. மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை முக்கினால் மாவு அச்சைக் கவ்விக்கொள்ளும், கத்தியால்தான் பெயர்க்க வேண்டியிருக்கும். புது அச்சு வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்காதே. என்னுடையது பரணில் இருக்கிறது, மாமியார் கொடுத்தது. அதன் காம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒன்றாம் எண் கூத்தில் விழுந்து சாய்ந்ததுதான்.

6. காலை இட்லியை நம்பி இருக்காதே.

பூசை முடிந்து வந்ததும் இட்லியும் கறிக்குழம்பும் என்பது நம் வீட்டு முறை. ஆனால் தங்கவயல் மேட்டு நிலம், டிசம்பர் குளிரில் மாவு புளிக்காமல் கல்லாகக் கிடக்கும். 23-ஆம் தேதி ராத்திரியே அரைத்துவிடு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டு. பாத்திரத்தைச் சூடு ஆறாத அடுப்போரம் வை. கம்பளியைச் சுற்று, ஆனால் பழைய கம்பளியாகப் பார்த்துச் சுற்று. ஒரு வருஷம் நான் அவசரத்தில் உன் தாத்தாவின் கம்பளியைச் சுற்றி வைத்தேன். எந்த வருஷமும் பொங்காத மாவு அன்றைக்குப் பார்த்துப் பொங்கி வழிந்தது. தாத்தா இருட்டில் அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடுராத்திரிப் பூசைக்குப் போய்விட்டார். கோயிலில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்களாம். சாமியார் நற்கருணை கொடுக்கும்போது மூக்கைச் சுளித்தார் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாவு பொங்கவே இல்லையா, வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாக ஊற்று. கேட்டால், "இந்த வருஷம் ஊத்தப்பம்" என்று சொல். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பரிமாறுகிறவள் சமையல் யாருக்கும் ருசிக்காது.

7. அரைக்க வேண்டியதை எல்லாம் 24-ஆம் தேதி மாலையே அரைத்துவிடு. மிளகாய் விழுது, இஞ்சி பூண்டு, தேங்காய், எல்லாம்.

1902-லேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. உலகத்திலேயே அன்றைக்கு அவ்வளவு நீளக் கம்பி கிடையாது என்பார்கள். அந்தப் பெருமையெல்லாம் சரி. லைனில் எல்லா வீட்டிலும் காயில் அடுப்பு வந்த காலத்தில், கிறிஸ்துமஸ் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட, டப் என்று ஃபியூஸ் போகும். லைனே இருட்டாகிவிடும். பந்தம் மாதிரி விறகைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வெளியே கல் கூட்டி அடுப்பு மூட்டுவோம். இப்போது கேஸ் இருக்கிறது, ஆனால் மிக்ஸிக்குக் கரண்ட் வேண்டுமே. பின்கட்டு அம்மிக்கல்லைத் தூக்கிப் போடாதே என்று உன் அப்பாவிடமும் சொல்லிவை. வீட்டை இடித்துக் கட்டும் பேச்சு வரும்போதெல்லாம் அவன் கண் அதன்மேல்தான்.

தண்ணீருக்கும் இதே கணக்கு. குழாயில் என்றைக்கு வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு டிரம் கூடுதலாகப் பிடித்துவை. முப்பது பேர் கை கழுவ வேண்டும்.

8. இனி பிரியாணி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

ஐந்து கிலோவை ஒரே தேக்சாவில் ஏற்றாதே. கைப்பழக்கம் வரும்வரை இரண்டாகப் பிரித்துக்கொள். ஒன்று கெட்டாலும் ஒன்று இருக்கும். நம்முடையது வட ஆற்காட்டு வழி. பாட்டன் பூட்டன் பிழைப்பு தேடி இங்கே வந்தபோது கூடவே வந்த கைப்பக்குவம். மிளகாய்த்தூள் போடக்கூடாது. காய்ந்த மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, வழவழவென்று அரைத்த விழுதுதான் நிறமும் காரமும். சீரகச் சம்பா அரிசி. அரிசிக்குச் சரிக்குச் சரி கறி. கறி மசாலாவில் வெந்து எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் அரிசிப் பக்கமே போகாதே. கறி வேகாமல் தம் போட்ட பிரியாணியைக் காப்பாற்ற என்னாலும் ஆகாது.

அரிசியை உலையில் முக்கால் பதம் வேகவிட்டு வடி. முக்கால் பதம் என்றால் என்ன என்று நீ கேட்பாய். ஒரு அரிசியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்து. இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும், நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிய வேண்டும். மாவாக நசுங்கினால் நேரம் தாண்டிவிட்டது. நறுக்கென்று கல் மாதிரி நின்றால் இன்னும் இரண்டு நிமிஷம். கடிகாரம் பார்க்காதே, விரலைப் பார்.

கறியில் உப்பு கூடிப்போனால் பதறாதே. உலைத் தண்ணீரில் உப்புப் போடாமல் அரிசியை வடித்துச் சேர், சரியாகிவிடும். ஆகவே உலைக்கு உப்புப் போடுமுன் கறியை ஒரு முறை ருசி பார்ப்பது நல்லது. நான் பார்க்காமல் இரண்டிலும் போட்ட வருஷம் உண்டு. தயிர்ப் பச்சடியை உப்பில்லாமல் வாளி நிறையக் கலக்கி, சாப்பாட்டை ஒப்பேற்றினேன். அடிப்பிடித்தால் கரண்டியை அடிவரை விடாதே, கிளறாதே. மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்று. அடியில் இருப்பதை மறந்துவிடு, அது நாய்க்கு.

தம் போட்டு மூடியின்மேல் தணல் அள்ளி வைத்த பிறகு இருபத்தைந்து நிமிஷம் யாரும் மூடியைத் தொடக்கூடாது. இதைத்தான் இந்தக் குடும்பத்தால் செய்ய முடிவதில்லை. உன் பெரிய மாமா "வாசனை வருதே" என்று ஒருமுறை திறப்பார். சின்னவன் "கறி எவ்வளவு இருக்கு" என்று பார்ப்பான். மாப்பிள்ளை ஒருவர் ஃபோட்டோ எடுக்கத் திறந்தார். ஆவி எல்லாம் போய், மேல் அரிசி விறைப்பாக நின்றுவிட்டது. வெந்நீரைக் கையால் தெளித்து, ஈரத்துணியை வரிந்து கட்டி, மறுபடி மூடி, பத்து நிமிஷம் இழுத்தேன். தேறியது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம்: தேக்சா பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவலுக்கு ஒரு பெரியவரை உட்கார வைப்பது. இந்த வருஷம் அந்த வேலை எனக்கு. கைத்தடி இருக்கிறது.

தால்சா, கத்திரிக்காய் இரண்டையும் உன் அத்தைகளிடம் விட்டுவிடு. அவர்கள் இரண்டு பேருக்கும் யாருடையது நன்றாக இருக்கிறது என்கிற போட்டி முப்பது வருஷமாக நடக்கிறது. எதையும் சொல்லி வைக்காதே.

9. பெங்களூர் ஆட்கள் பங்காருப்பேட்டை தாண்டிவிட்டோம் என்று போன் செய்த பிறகுதான் இரண்டாவது தேக்சாவுக்குத் தம் போடு.

பங்காருப்பேட்டைக்கும் மாரிக்குப்பத்துக்கும் நடுவில் 1894-லேயே ரயில் போட்டுவிட்டார்கள், தங்கத்துக்காக. இப்போது அதே தண்டவாளத்தில் விடியுமுன் ஊர் கிளம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறது. "கிளம்பிட்டோம்" என்று அவர்கள் சொன்னால் இன்னும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். "பக்கத்துல வந்துட்டோம்" என்றால் ரயில் எங்கேயோ சிக்னலில் நிற்கிறது. பங்காருப்பேட்டை என்ற சொல் காதில் விழ வேண்டும்.

பசியோடு இருக்கும் பிள்ளைகளை அதுவரை காத்திருக்கச் சொல்லாதே. முதல் தேக்சாவைத் திறந்து பிள்ளைகளுக்குப் போட்டுவிடு. இரண்டு தேக்சா என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

10. சாப்பாட்டுக்கு முன் யாரையும் சயனைடு மேட்டுக்குக் கூட்டிப்போகாதே.

2018-ல் நம் ஊர்ப் பெயரிலேயே கே.ஜி.எஃப் படம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் ரிலீஸ். அந்த வருஷம் வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்கும் படம் எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும். நூறு வருஷமாகப் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் அந்த மேடு. நாங்கள் ஜன்னலை அடைத்து, துணியை மூடிக் காத்த தூசிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் போன பதினோரு பேர் இரண்டரைக்கு வந்தார்கள், தலையெல்லாம் மண். பிரியாணி ஆறி, நெய் தட்டில் உறைந்து கிடந்தது. மறுபடி சூடு பண்ணிய பிரியாணி பிரியாணியே இல்லை என்பது என் கட்சி. இந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் மாலையில் தேநீர் குடித்துவிட்டு லைன்களைச் சுற்றிப் பார்க்கச் சொல். பிள்ளைகளை மேட்டில் ஏறி விளையாட விடாதே, அந்த மண் விளையாடுகிற மண் இல்லை.

11. தேக்சா திறந்ததும் முதல் தட்டு எடுத்து மூடி வை.

முன்பெல்லாம் அது உன் தாத்தாவுக்கு. சுரங்கத்தில் அவர் பம்பு வேலை. பாறையை ஒரு நாள் உடைக்காமல் விடலாம், தண்ணீர் நிற்காது. தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் அதற்குத் தெரியாது. ஊறிக்கொண்டே இருக்கும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நம் வீட்டுப் பந்தியில் பல வருஷம் அவர் இருந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து கேஜ் ஏறி, குளித்து, வீடு வந்து மூடி வைத்த தட்டைத் திறப்பார். எலும்பு நிறைய இருக்கும்படி எடுத்து வைப்பேன், அவருக்கு அதுதான் பிடிக்கும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அந்த வருஷ டிசம்பரில் கையில் காசு இல்லை. ஆட்டுக்கறி கேட்கவே முடியாது. குஸ்கா போட்டு, ஆளுக்கு ஒரு முட்டை வைத்தேன். மனசு எங்கேயோ இருந்ததில் தண்ணீர் கூடி, குஸ்கா பொங்கல் மாதிரி குழைந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை, எல்லார் வீட்டிலும் அதே நிலைமைதான். பந்தி போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், பழக்க தோஷத்தில் ஒரு தட்டை எடுத்து மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவரோ எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பகல் ஒரு மணி. கிறிஸ்துமஸ் மத்தியானம் அவர் எங்களோடு உட்கார்ந்தது பல வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு தட்டையும் பார்த்தார். "ராத்திரிக்கு ஆச்சு" என்றார். பிறகு பம்புகளும் நின்றன. ஷாஃப்ட்டுகளுக்குள் இப்போது தண்ணீர்தான்.

அந்த முதல் தட்டை இனி உனக்கு எடுத்து வை. சமைத்தவள் கடைசியில் உட்கார்ந்து சட்டியை வழிக்கிற பழக்கம் என்னோடு போகட்டும்.

12. பலகாரத் தட்டு அனுப்புமுன் எந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேள்.

மறுபடி 2015-க்கே வருகிறேன். அந்த கிறிஸ்துமஸ் அன்றைக்கே பௌர்ணமியும். நம் வலப்பக்க வீட்டு ஆயா பௌத்தக் குடும்பம். அயோத்திதாச பண்டிதர் காலத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வந்துவிட்டது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை, அவர் மறைந்த பிறகு இந்தத் தங்கவயலிலிருந்தும் வெளிவந்திருக்கிறது. அந்த ஆயா பௌர்ணமியில் கறி தொடமாட்டார். நான் அது தெரியாமல் பிரியாணித் தட்டை உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். அவர் முகம் கோணாமல் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் தட்டில் வாழைப்பழமும் சர்க்கரையும் வைத்துத் திருப்பி அனுப்பினார். பிரியாணியை என்ன செய்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அவர் வீட்டுப் பேரன் மட்டும் அன்றைக்கு மூன்று ஏப்பம் விட்டான் என்று கேள்வி. அவருக்குக் கேக்கும் ரோஸ் குக்கியும் அனுப்பு. கேக்கில் முட்டை இருக்கிறதென்று சொல்லி அனுப்பு. ரம்மில் பழம் ஊறப்போட்டிருந்தால் பாய் வீட்டுக்கு அந்தக் கேக் போகக்கூடாது. திராட்சைச் சாற்றில் ஊறவைத்துச் சின்னதாக ஒன்று தனியாகச் செய். தட்டுக்கு அடியில் பெயரை எழுதிவை, இல்லாவிட்டால் ஜனவரி முழுக்கத் தட்டு தேடுவதே வேலையாகிவிடும்.

13. வேண்டாத பேச்சை எடுக்கிறவர்களுக்கு வேலை கொடு.

சொத்துப் பேச்சு, குவார்ட்டர்ஸ் பட்டா பேச்சு, யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்கிற பேச்சு, மூன்றும் இரண்டாவது பந்தியில்தான் கிளம்பும். கிளப்புகிற ஆள் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துப் பந்தி விசாரிக்கச் சொல். குனிந்து நிமிர்ந்து ஊற்றுகிறவனால் சண்டை போட முடியாது.

14. பேக்கரிக்காரர் 23-ஆம் தேதி சாயந்திரத்துக்கு மேல் தட்டு வாங்கமாட்டார். நேற்று ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டேன். வெண்ணெய் ஃபிரிட்ஜில், அச்சு பரணில், மூன்று முந்திரி தனியாக ஒரு காகிதத்தில் மடித்து மைதா டப்பாவுக்குள் இருக்கிறது.